புகைக்குழலைத் தேர்ந்தெடுத்தல்

சேலத்திலிருந்து நாமக்கல் நோக்கிச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் மாலை வேளையில் சிறிது நேரம் நிற்பவர், ஊர்திகளைக் கண்ணால் காணுமுன்னரே காதால் இனங்கண்டு கொள்ளலாம். பாரமேற்றிய லாரியின் உறுமல் ஒருவகை. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டியின் இரைச்சல் மற்றொருவகை. இவை இரண்டையும் மீறிக்கொண்டு, வெடிச்சரம் கொளுத்தியதுபோல் ஓர் ஓசை வருமாயின், அது பெரும்பாலும் கல்லூரி மாணவர் ஒருவரின் மோட்டார் சைக்கிளாகவே இருக்கும். அவ்வண்டியில் உற்பத்தியாளர் பொருத்தி அனுப்பிய சைலன்சர் கழற்றப்பட்டு, கடையில் தனியே வாங்கிய வேறொன்று மாட்டப்பட்டிருக்கும்.

சைலன்சர் என்ற சொல்லுக்கு அமைதியாக்குவது என்பது பொருள். அதைப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து மாற்றுவோரில் பெரும்பாலார் ஓசை மிகவேண்டும் என்பதற்காகவே மாற்றுகின்றனர் என்பது ஒரு வேடிக்கை. எனினும், "எந்தச் சைலன்சர் வாங்கலாம், ஐயா?" என்று மாணவர் வந்து கேட்கும்போது, "வாங்காதே" என்று ஒரே சொல்லில் விடையிறுத்து அனுப்பிவிடுவது ஆசிரியருக்கு அழகாகாது. அக்குழலுக்குள் நடப்பது இன்னதென்று அறிந்தவன், தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்துகொள்வான். ஆதலின் முதலில் அதன் உள்ளே சென்று பார்ப்போம்.

இன்றைய மோட்டார் சைக்கிள்களின் எஞ்சின் நான்கு வீச்சில் இயங்குவது. காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உறிஞ்சுதல், அதனை அழுத்துதல், அது எரிந்து பிஸ்டனைத் தள்ளுதல், எரிந்த வாயுவை வெளியேற்றுதல் என்பன அந்நான்கு. நான்கு வீச்சு முடிய அச்சு இருமுறை சுழல வேண்டும். ஆகவே, ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்திற்கு 6000 சுற்று சுழலுமாயின், நிமிடத்திற்கு 3000 முறை, அதாவது நொடிக்கு 50 முறை, வாயு வெளியேறுகின்றது. வால்வு திறக்கும் அக்கணத்தில் சிலிண்டரிலுள்ள வாயு புற வளிமண்டலத்தைப் போல் பன்மடங்கு அழுத்தமுடையது. சோடாப் புட்டியின் மூடியைத் திடீரெனத் திறந்தால் எழும் ஓசையை நொடிக்கு ஐம்பது முறை கற்பனை செய்து பாருங்கள். குழலில்லாத எஞ்சினின் ஓசை அத்தகையதே.

இவ்வோசையை அடக்கும் முயற்சி மோட்டார் வண்டியோடு உடன்பிறந்தது. அமெரிக்க நாட்டில் ரீவ்ஸ் சகோதரர் 1897-ஆம் ஆண்டிலேயே இதற்கெனக் காப்புரிமை பெற்றனர். துப்பாக்கியின் வெடியோசையைத் தணிக்கும் கருவியை ஆக்கி 1909-இல் காப்புரிமை பெற்ற ஹைராம் பெர்சி மாக்சிம் என்பாரும், அதே கருத்தை மோட்டார் எஞ்சினுக்கும் பயன்படுத்தினார். அவர் தந்தையார் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். தந்தை எழுப்பிய ஓசையை மகன் அடக்க முயன்றார் என்று நான் வகுப்பில் கூறினால் மாணவர் சிரிப்பார்கள்.

ஓசையைத் தணிக்க வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, குழலின் உட்புறத்தை அறைகளாகப் பகுத்து, வாயு ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு வளைந்து வளைந்து செல்லுமாறு செய்தல். அறைச் சுவர்களில் மோதித் திரும்பும் ஒலியலைகள், எதிரே வரும் அலைகளோடு கலந்து ஒன்றையொன்று அழிக்கின்றன. உற்பத்தியாளர் தரும் சைலன்சர்களில் பெரும்பாலானவை இவ்வகையைச் சார்ந்தவை. கனமாகவும் பருமனாகவும் இருப்பதற்குக் காரணம் அதுவே. மற்றொன்று, நேரான குழாய் ஒன்றில் எங்கும் சிறு துளைகளிட்டு, அதனைச் சுற்றிக் கண்ணாடி இழையையோ எரிமலைக் கல் இழையையோ பொதிந்து வைத்தல். ஒலியின் ஆற்றல் அவ்விழைகளுக்குள் புகுந்து வெப்பமாகத் தேய்ந்துவிடும். கடையில் தனியே விற்கும் குழல்களுள் மிகுதியானவை இவ்வகையின. இதில் ஒரு குறை உண்டு. விற்பவர் அதனைக் கூறுவது அரிது. நாளடைவில் வெப்பத்தால் இழை கருகி, உதிர்ந்து, வெளியேறிவிடும். வாங்கிய புதிதில் இனிமையாக முழங்கிய குழல், ஓரிரண்டு ஆண்டில் தகரத்தைத் தட்டுவதுபோல் கத்தத் தொடங்குவது இதனாலேயே. மீண்டும் இழை பொதிய வேண்டும். பொதிவதற்கேற்பத் திறந்து மூடும் அமைப்பு இருக்கின்றதா என்று வாங்கும்போதே நோக்குதல் நன்று.

"குழலைத் திறந்துவிட்டால் வாயு தடையின்றி ஓடும், வண்டியின் ஆற்றல் கூடும்" என்பது மாணவரிடையே பரவியுள்ள எண்ணம். "எஞ்சினுக்குச் சிறிது எதிரழுத்தம் வேண்டும், இல்லாவிடில் இழுவை குறையும்" என்பது பட்டறைகளில் வழங்கும் எண்ணம். இரண்டிலும் பாதி உண்மைதான் உள்ளது. வாயு வெளியேறும்போது, அதனோடு ஓர் அழுத்த அலையும் குழாய்வழியே ஓடுகின்றது. குழாயின் திறந்த முனையை அவ்வலை அடைந்ததும், அங்கிருந்து உறிஞ்சும் தன்மையுள்ள அலையாக மாறி எஞ்சினை நோக்கித் திரும்புகின்றது. அது திரும்பி வரும் கணத்தில் வால்வு மூடுந்தறுவாயில் இருக்குமானால், எஞ்சிய புகையை உறிஞ்சி எடுத்து, புதுக்கலவை உள்ளே வரவும் துணைசெய்கின்றது. வேறு கணத்தில் வந்தால் பயனில்லை. சில வேளை கேடும் செய்யும்.

சிறு கணக்கு ஒன்று போடுவோம். சுமார் 400 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள வாயுவில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 520 மீட்டர் செல்லும். குழாயின் நீளம் ஒரு மீட்டர் எனில், அலை போய்த் திரும்ப 2 மீட்டர். அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் நான்கு பங்கு. எஞ்சின் 9000 சுற்றில் ஓடும்போது அந்நேரத்தில் அச்சு அரைச் சுற்றுக்குச் சற்று மிகுதியாகச் சுழன்றிருக்கும். 4500 சுற்றில் ஓடும்போதோ, அதில் பாதியே சுழன்றிருக்கும். ஆகவே, ஒரு குழாய் ஒரு குறிப்பிட்ட வேகத்தில்தான் எஞ்சினுக்கு உற்ற துணையாக இருக்கும். நாகசுரத்தின் நீளம் அதன் சுருதியை வரையறுப்பதுபோல, புகைக்குழாயின் நீளமும் அகலமும் அது எந்த வேகத்தில் உதவும் என்பதை வரையறுக்கின்றன. பந்தயத்திற்கென அமைத்த குழல் மிக உயர்ந்த வேகத்தில் உதவுமாறு வகுக்கப்பட்டது. அதன் கைம்மாறாகத் தாழ்ந்த வேகத்தில் இழுவை குறையக்கூடும்.

நம் பக்கத்து மாணவருக்கு இஃது ஏட்டுச் செய்தியன்று. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுவதற்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வேகம் தணிந்து, எஞ்சின் தாழ்ந்த சுற்றில் நின்று இழுக்க வேண்டும். 9000 சுற்றில் கிடைக்கும் ஆற்றல் அங்கே யாருக்கு உதவும்? இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்திலோ, கோவை செட்டிபாளையத்திலுள்ள கரி பந்தயத் தளத்திலோ ஓட்டுபவனுக்கு அது வேண்டும். கொல்லிமலைக்குப் பின்னிருக்கையில் தம்பியை ஏற்றிக்கொண்டு செல்பவனுக்கு வேண்டுவது வேறு.

குழலின் வடிவம் எஞ்சினின் தலையெழுத்தையே மாற்றிய கதை ஒன்று உண்டு. அது இருவீச்சு எஞ்சினைப் பற்றியது. கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் என்னும் பொறியாளர், 1950-களில் குழலை முதலில் விரிந்தும் பின்னர் குவிந்தும் செல்லும் கூம்புகளாக அமைத்தார். விரியும் கூம்பு உறிஞ்சும் அலையை அனுப்பும். குவியும் கூம்பு அழுத்தும் அலையை அனுப்பி, வெளியே நழுவிய புதுக்கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளும். 1961-இல் அவர் அமைத்த 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைத்திறன் அளித்தது. லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்பது அன்று எவரும் எட்டாத எல்லை. அவ்வாண்டிலேயே அந்நிறுவனத்தின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், ஸ்வீடன் நாட்டுப் பந்தயத்தின்போது தம் நாட்டைவிட்டு வெளியேறி, அந்நுட்பத்தோடு ஜப்பானின் சுசுகி நிறுவனத்தைச் சேர்ந்தார். மறு ஆண்டு 50 சி.சி. உலகப் பட்டம் சுசுகிக்குக் கிடைத்தது. ஒரு தகரக் குழலின் வடிவத்திற்காக இத்தனையும் நடந்தது.

நம் நாட்டில் 1985 முதல் 1996 வரை உற்பத்தியான யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியும் இருவீச்சு வகையே. அவ்வண்டியை இன்றும் கண்ணினும் மேலாகப் பேணுவோர் சேலத்திலும் ராசிபுரத்திலும் பலர் உளர். அவருட் சிலர் சைலன்சரின் உள்ளேயிருக்கும் 'பஃபிள்' என்னும் தடுப்புக் குழாயை உருவி எடுத்துவிட்டு, வண்டி பறக்கின்றது என்று மகிழ்கின்றனர். அலைகள் திரும்பி வரும் அளவைக் கணக்கிட்டு அமைத்த குழலில் ஓர் உறுப்பை நீக்கியபின், அக்கணக்கு நிற்குமா? கூடியது ஓசை, ஆற்றல் கூடியது என்பது பெரும்பாலும் காது மனத்திற்குச் சொல்லும் பொய்.

இனி, இன்றைய வண்டிகளுக்கு வருவோம். 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து பாரத் 6 என்னும் புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. பழைய சேலம் மாவட்டத்தின் பகுதியாயிருந்த ஓசூரில் உருவாகும் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310 போன்ற வண்டிகளின் குழலில் இருவகை உறுப்புகள் உள. ஒன்று வினையூக்கி மாற்றி. தேன்கூடு போன்ற அதன் நுண்துளைகளில் பூசப்பட்ட பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் முதலிய உலோகங்கள், நச்சாகிய கார்பன் மோனாக்சைடையும், எரியாத பெட்ரோல் ஆவியையும், நைட்ரஜன் ஆக்சைடுகளையும் தீங்கு குறைந்த பொருள்களாக மாற்றுகின்றன. மற்றொன்று ஆக்சிஜன் உணரி. புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனை அளந்து, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அது தெரிவிக்கின்றது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்னும் அளவை ஒட்டி எரிபொருளைப் பெட்டி கூட்டியும் குறைத்தும் அனுப்புகின்றது.

எஞ்சினிலிருந்து தொடங்கும் முழுக் குழாயையும் மாற்றுபவர், இவ்வுறுப்புகள் இருக்கும் பகுதியையே மாற்றுகின்றார். வினையூக்கி போய்விட்டால் நச்சு வாயு அப்படியே வெளியேறும். காற்றோட்டம் மிகுந்தும் எரிபொருள் மிகாவிடில், கலவை மெலிந்து, எஞ்சின் அளவுமீறிச் சூடாகும். இதற்கெனக் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திருத்த வேண்டும். அச்செலவைக் குழலின் விலையோடு சேர்த்து எண்ணுபவர் சிலரே. பல வண்டிகளில் வினையூக்கி முன்குழாயிலேயே இருப்பதால், பின்புறத்து ஒலியடக்கியை மட்டும் மாற்றினால் அதற்குத் தீங்கு நேர்வதில்லை. 'ஸ்லிப் ஆன்' என்று கடைகளில் வழங்குவது இதனையே. ஆற்றல் கூடுவது மிகச் சொற்பமே. எடை ஓரிரண்டு கிலோ குறையும். வண்டியும் ஓட்டுபவனும் சேர்ந்து 240 கிலோ என்றால், இரண்டு கிலோ நூற்றுக்கு ஒன்றுகூட ஆகாது. பந்தயத்தில் அதற்கும் மதிப்புண்டு. கல்லூரிக்குச் செல்லும் வழியில், காலைச் சிற்றுண்டியில் இரண்டு இட்டிலி குறைத்தாலும் ஏறத்தாழ அதே வேறுபாடுதான் தெரியும்.

சட்டம் இதுபற்றிக் கூறுவதையும் மாணவர் அறிதல் வேண்டும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 120-ஆம் விதி, ஒவ்வொரு வண்டியிலும் ஒலியைக் கூடுமானவரை குறைக்கும் சைலன்சர் இருத்தல் வேண்டும் என்கின்றது. 2005 முதல், 175 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளின் ஒலி உற்பத்தி நிலையில் 80 டெசிபலுக்கு மிகலாகாது. 80 முதல் 175 சி.சி. வரையுள்ளவற்றுக்கு 77. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்பிற்கு மாறுபட வண்டியைத் திருத்துவதைத் தடை செய்கின்றது; அதன் பொருளை உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதியாக எடுத்துரைத்தது. அவ்வாண்டின் திருத்தச் சட்டத்தின்படி, ஒலி, புகை வரம்பை மீறி ஓட்டுபவனுக்கு முதற் குற்றத்திற்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று திங்கள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று திங்கள் பறிபோகும். முறையற்ற மாற்றம் செய்த உரிமையாளருக்கு, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு திங்கள் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். வெளிநாட்டுக் குழல்கள் சிலவற்றில் வட்டத்துக்குள் ஆங்கில 'இ' எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருப்பதைக் காட்டி, "இது அனுமதி பெற்றது" என்று விற்பவர் கூறுவர். அஃது ஐரோப்பிய ஒப்புதல் முத்திரை. எண் ஒப்புதல் தந்த நாட்டைக் குறிப்பது. 1 என்றால் ஜெர்மனி, 3 என்றால் இத்தாலி. செய்தவர் ஓர் ஒழுங்கிற்கு உட்பட்டவர் என்பதற்கு அது சான்றாகுமேயன்றி, நம் நாட்டுச் சாலைக்கு அது அனுமதிச் சீட்டன்று.

சட்டத்தைக் காட்டிலும் எனக்குக் கவலை தருவது காது. டெசிபல் என்னும் அளவு கூட்டலாய்த் தோன்றிப் பெருக்கலாய்ச் செல்வது. 10 டெசிபல் மிகுந்தால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. 20 மிகுந்தால் நூறு மடங்கு. 85 டெசிபல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்பது தொழிலிட நலவாழ்வு ஆய்வாளர் பலர் கொண்டுள்ள வரம்பு. அதற்குமேல் 3 டெசிபல் கூடுந்தோறும் நேரம் பாதியாகும். கணக்கிட்டுப் பாருங்கள், 100 டெசிபலுக்குக் கால் மணி நேரமே எஞ்சும். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிக் கூடங்களில் பல்லாண்டு உழைத்தவர், வீட்டிலும் உரத்த குரலிலேயே பேசுவதை நாம் கண்டிருக்கின்றோம். பேத்தி மெல்ல அழைத்தால் அவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. உட்செவியிலுள்ள நுண்மயிர் அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. அவர்கள் பிழைப்பின் பொருட்டு அதனை இழந்தார்கள். இளைஞன் ஒருவன் காசு கொடுத்து அதனை இழப்பானேன்?

தெருவிலுள்ளோர் காதும் இதில் அடங்கும். ஒலி மாசு பற்றிய 2000-ஆம் ஆண்டு விதிகள், மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக வகுத்துள்ளன. குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல். நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைக்காரரைக் கேட்டாலும் சொல்வர். திடீரென எழும் வெடியோசையால் கூண்டுகளிலுள்ள கோழிகள் அனைத்தும் ஒருசேர மிரண்டு சிறகடிக்கும். "உரத்த ஓசை விபத்தைத் தடுக்கும், எதிரே வருபவன் எச்சரிக்கையாவான்" என்று வாதிடும் மாணவரும் உளர். குழலின் வாய் பின்னோக்கி இருக்கின்றது. ஆபத்தோ பெரும்பாலும் முன்னிருந்து வருகின்றது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு செல்லும் லாரி ஓட்டுநர் காதில் தம் எஞ்சின் ஓசையே நிறைந்திருக்கும்.

இவ்வளவும் அறிந்த பின்னர், பழைய குழல் துருப்பிடித்தோ, விழுந்து நசுங்கியோ, உண்மையாகவே மாற்றவேண்டிய நிலை வரலாம். அப்போது உற்பத்தியாளரே விற்கும் மாற்றுக் குழலை முதலில் நாடுக. வேறு வாங்க நேரின், அந்த வண்டிக்கென்றே, அந்த ஆண்டு அமைப்பிற்கென்றே செய்ததா என்று கேட்க வேண்டும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்லப்படுவது எதற்கும் சரிவரப் பொருந்தாது. உணரி அமரும் மரையிட்ட துளை உரிய இடத்தில் உள்ளதா, பின்னிருப்பவரின் குதிகால் சுடுமா, வளைவில் சாய்ந்தால் தரையில் உரசுமா என்பவற்றை வண்டியில் வைத்தே காணவேண்டும். வாயிலுள்ள தடுப்பைக் கழற்றும் வசதியிருப்பின், அது கழற்றாமல் விடுவதற்கே உரியது.

பொருளைப் பற்றிச் சிறிது. கஞ்சமலை அடிவாரத்தில் 1981-இல் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலையால் துருப்பிடிக்காத எஃகு நம் ஊர்ப் பெயரோடு இணைந்துவிட்டது. அவ்வெஃகு பல தரத்தது. நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கலந்த 304-ஆம் தரம் நீண்டநாள் பளபளக்கும். காந்தம் அதில் பொதுவாக ஒட்டுவதில்லை. 11 பங்கு அளவே குரோமியமுள்ள 409-ஆம் தரத்தில் காந்தம் ஒட்டும். மேற்பரப்பில் செந்நிறத் துருப்படலமும் தோன்றும். காந்தம் ஒட்டுவதால் மட்டும் அது மட்டமானது என்று தள்ளிவிடலாகாது. உலகெங்கும் ஊர்தி உற்பத்தியாளர் குழலுக்கு எடுத்தாள்வது அத்தரமே. விற்பவர் 304 என்று கூறி அதன் விலையைக் கேட்கும்போதுதான் காந்தம் பயன்படும். டைட்டேனியம் எஃகின் எடையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு, விலையோ பன்மடங்கு. வெப்பத்தால் அதன்மேல் படரும் நீலமும் ஊதாவும், ஆக்சைடுப் படலத்தில் ஒளி பிரிந்து தோன்றும் நிறங்கள். எஃகின்மேல் நீலச்சாயம் பூசி டைட்டேனியம் என்று விற்போரும் உளர். எடை போட்டுப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும்.

பொருத்துவது எஞ்சின் நன்கு ஆறிய பிறகே. இணைப்பிலுள்ள பழைய கேஸ்கெட்டை மீண்டும் இடாமல் புதியது இடுக. சிறு கசிவு இருந்தாலும் அவ்வழியே காற்று புகுந்து, வேகத்தைத் தணிக்கும்போதெல்லாம் குழலுக்குள் வெடிச்சத்தம் கேட்கும். முதன்முறை சூடேறுமுன் மேற்பரப்பிலுள்ள கைரேகைகளைத் துடைத்துவிட வேண்டும். இல்லையேல் அவை கருகி அழியாத் தழும்பாகும். நூறு கிலோமீட்டர் ஓடியபின் திருகுகளை மறுபடி இறுக்குக. கழற்றிய பழைய குழல் பழுதின்றி இருந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் எண்ணெய்த் துணி சுற்றி வைத்திருக்க வேண்டும். பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கு வண்டியைக் கொண்டு செல்லும் நாளில், ஆய்வாளர் முதலில் குனிந்து பார்க்கும் இடங்களுள் அதுவும் ஒன்று.